தட்டில் விழுந்த முள்

விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் தட்டு அது. அடியில் கொஞ்சம் தண்ணீர், தண்ணீரில் ஒரு வேப்பிலை. அதைத் தரையில் வைத்துவிட்டு ராஜம்மா என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார்.

மாத்தூரில் ஒரு தெருக்கோடி வீடு. ஷீட் போட்ட முன்பக்கத்தில் ஒரு கூட்டமே காத்திருந்தது. பித்தளைக் குழல் ஒன்றை என் தொண்டைக்குழிக்குக் கீழே வைத்து அழுத்தினார் ராஜம்மா. மறுமுனையில் வாயை வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். குழலின் விளிம்பு சில்லென்றிருந்தது. அவர் தலையில் தேய்த்திருந்த விளக்கெண்ணெய் வாசனை என் முகத்தில் அடித்தது. பிறகு திரும்பித் தட்டில் துப்பினார்.

கூட்டம் எட்டிப் பார்த்தது. "ஐய, முள்ளு" என்றாள் ஒரு பெண். "இங்க சோறு வரும், முடி வரும். முள்ளு வந்து நான் பாத்ததேயில்ல."

நானும் குனிந்து பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் மனோகரன் தட்டைப் பார்க்கவில்லை. மேலே சுற்றாமல் நின்றிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன விளங்கியது என்று சொல்வதற்கு முன்னால், அந்தத் தட்டு வரைக்கும் நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லவேண்டும். இந்தத் தொடரில், காசிமேட்டில் நான் மீன் ஏலம் கூறுவதைப் பற்றி எழுதியபோது, நடுவில் கொஞ்ச காலம் என் குரல் போயிருந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அது என்ன கதை என்று கேட்டு ஏகப்பட்ட பேர் எழுதியிருக்கிறீர்கள். இதுதான் அந்தக் கதை.

கடற்கரைக்காரியின் நாக்கு

எங்கள் பக்கம் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய புதிது. என் தோழி தேசம்மாவின் அண்ணன் புது ஃபைபர் படகு இறக்கினார். காலையில் படகுக்குப் பூசை, மத்தியானம் ஷாமியானா போட்டுச் சாப்பாடு. இலையில் சங்கரா மீன் தலைக்குழம்பு.

கடற்கரையில் பிறந்தவர்கள் மீன் சாப்பிடுவதை நீங்கள் பார்க்கவேண்டும். சண்டை போட்டுக்கொண்டே சாப்பிடுவோம், சிரித்துக்கொண்டே சாப்பிடுவோம். முள்ளை நாக்கு தானே பிரித்து உதட்டோரத்துக்குத் தள்ளிவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் முள் எடுத்துக் கொடுப்பதில்லை. பல் முளைத்த பிறகும் ஒரு பிள்ளைக்கு முள் எடுத்து ஊட்டினால் அந்தத் தாயைத்தான் கேலி செய்வார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில், அத்தனை பெண்கள் நடுவில், எனக்கு முள் மாட்டிக்கொண்டது.

இருமினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. தேசம்மா முதுகில் ஓங்கித் தட்டினாள். தட்டிய தட்டில் அது உள்ளே போனதா வெளியே போனதா என்று தெரியவில்லை, மூச்சு மட்டும் திரும்ப வந்தது. உடனே சிரிப்பு. சிரிக்கத்தான் செய்வார்கள், நான் அங்கே இருந்து வேறு ஒருத்திக்கு மாட்டியிருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன். ஆனால் பந்தியின் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ரயில்வேக்காரனக் கட்னா இல்ல, தொண்டையும் அவங்க வூட்டுத் தொண்டையா ஆயிட்ச்சு."

எல்லோரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கை கழுவும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஏரி வவ்வால் மாப்பிள்ளை

இந்தக் கேலிக்கு ஒரு பழைய வேர் உண்டு. மனோகரன் வியாசர்பாடிக்காரர். பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் வேலை. அவர் வீட்டுக் கூடத்தில் புத்தர் படம் ஒன்றுதான் இருக்கும். தாயத்து, மந்திரம், தகடு என்று யாராவது வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுவார். நாங்கள் விரும்பிக் கட்டிக்கொண்டோம். அதெல்லாம் இந்தத் தொடரின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டேன்.

கல்யாணமான புதிதில் எங்கள் அம்மா வீட்டுக்கு வரும்போது, மாப்பிள்ளை கையை வீசிக்கொண்டு வரக்கூடாது என்று ஒரு பை நிறைய மீன் வாங்கி வந்தார். "வவ்வாலு, அத்தை" என்று பெருமையாக நீட்டினார். பையைத் திறந்த அம்மா ஒரு மீனை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அது ஏரி வவ்வால். குட்டையில் வளர்த்து, வவ்வால் என்று பேர் வைத்து, தெரியாதவர்கள் தலையில் கட்டுகிற மீன்.

மீன் தின்பதற்கென்றே பிறந்த ஜனங்களிடம் வந்து இப்படி மாட்டிக்கொண்டால் விடுவார்களா? அன்றிலிருந்து அவருக்கு ஏரி வவ்வால் மாப்பிள்ளை என்றே பெயர். அவர் சிரித்துக்கொள்வார். எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றிருக்கும்.

ஏரி மீன் எங்கள் வீடுகளில் நுழையாது. சேற்று வாடை அடிக்கும் என்போம். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கடலுக்குப் போகாதபோது, வேறு வழியில்லாமல் கட்லாவும் ரோகுவும் வாங்கி விற்போம், வெட்டிக் கொடுப்போம். வீட்டுக்குப் போனதும் சோப்புப் போட்டுக் கை கழுவுவோம். அவ்வளவுதான் எங்களுக்கும் அதற்கும் உள்ள உறவு.

அடைத்துக்கொண்டிருக்கிறது

படகுச் சாப்பாட்டுக்கு மறுநாள் காலையில் எச்சில் விழுங்கினேன். முள் இருந்தது.

தொட்டுக் காட்டு என்றால் காட்டமுடியாது. குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே, இடது பக்கமாக. விழுங்கும்போது குத்தாது, விழுங்கி முடித்த பிறகுதான் இருக்கிற மாதிரி இருக்கும். வெறும் சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்கினேன். வாழைப்பழத்தைப் பாதியாக ஒடித்து விழுங்கினேன். அதோடு, முள்ளை நானே இன்னும் ஆழமாகத் தள்ளிவிட்டேனோ என்ற பயமும் வந்து சேர்ந்தது.

முதலில் மீன் நின்றது. அப்புறம் குழம்பு. அப்புறம் சோற்றைப் பார்த்தாலே வயிறு மூடிக்கொண்டது. பசி என்ற ஒன்று இருந்தது என்பதே மறந்துபோனது. கஞ்சித் தண்ணீரும் டீயுமாக ஓட்டினேன். வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது.

மீன் நின்றதைவிடப் பெரிய இடி, குரல் போனதுதான். ஐஸ் பெட்டியின் மேல் ஏறி நின்று ஏலம் கூற ஆரம்பித்தால், விலை ஏற ஏற என் குரலும் ஏறவேண்டும். ஏறுகிற இடத்தில் முள் வந்து நின்றுகொண்டது. குரல் உடைந்தது. வாங்க வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சில நாள் பார்த்துவிட்டு தேசம்மா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, தானே ஏறிக் கூறினாள். அவள் நல்லெண்ணத்தில்தான் செய்தாள். அந்தப் பெட்டி இல்லாவிட்டால் நான் யார் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் கூடைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன்.

வீட்டில் முள் மாட்டிக்கொண்டது என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். எங்கே, எந்த மீன், யார் சிரித்தார்கள் என்று மூச்சுவிடவில்லை. அந்த ரயில்வேக்காரன் பேச்சு மனோகரன் காதில் விழக்கூடாது என்று எனக்கு வைராக்கியம்.

ஒன்றுமில்லை

பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கேமராவில் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். சோற்று உருண்டை விழுங்கினேன் என்று சொன்னதற்கு ஒரு டாக்டர், முள் நிஜமாக இருந்திருந்தால் இன்னும் ஆழமாகக் குத்தியிருக்கும், இனிமேல் அப்படிச் செய்யாதீர்கள் என்று கண்டித்தார். கடைசியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார்கள்.

வெளியே வந்ததும் மனோகரன் சுவரில் சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் என்னென்ன நினைத்துப் பயந்திருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கோ கோபம். ஒன்றுமில்லை என்றால், நான் பொய் சொல்கிறேனா?

பிறகு வண்ணாரப்பேட்டையில் ஒரு ஹகீம், யுனானி வைத்தியர். ஜவுளிக் கடைகளுக்கு நடுவில் குறுகலான மாடிப்படி ஏறிப் போகவேண்டும். நாக்கை நீட்டச் சொன்னார், மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், தூக்கம் எப்படி என்று விசாரித்தார். ஒரு பாட்டில் ஷர்பத்தும், சப்பிக்கொண்டே இருக்க அதிமதுரக் குச்சியும் கொடுத்தார். ஷர்பத் அத்தனை ருசி. பாதி பாட்டிலை மனோகரன்தான் குடித்தார். தொண்டைக்கு இதமாகத்தான் இருந்தது, ஆனால் முள் நகரவில்லை.

அடுத்துப் போனது சர்க்கார் ஆஸ்பத்திரி சித்தா பிரிவு. அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். என் இடது கையை வாங்கி மூன்று விரல் வைத்து, கண்ணை மூடி, நெடுநேரம் நாடி பார்த்தார். நான் நடுவில் பேச வாயெடுத்தபோது தலையை மட்டும் அசைத்துத் தடுத்தார். ஆஸ்பத்திரி என்று போனதிலிருந்து என் கையை அவ்வளவு நேரம் யாரும் வைத்துக்கொண்டிருக்கவில்லை.

உடம்புக்குள் உதானன் என்று ஒரு வாயு உண்டு, குரலையும் விழுங்குவதையும் அதுதான் நடத்துகிறது, உங்களுக்கு அது இடம் மாறி மேலே வந்து நிற்கிறது என்றார். அந்த விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. குரலும் சோறும் ஒரே நேரத்தில் போனதற்கு அதுவரை யாரும் ஒரு காரணம் சொல்லவில்லை. ஒன்றுமில்லை என்பதைவிட ஒரு காற்று இருக்கிறது என்பது எவ்வளவோ மேல்.

தாளிசாதி சூரணத்தைத் தேனில் குழைத்துச் சாப்பிடச் சொன்னார். சீரகத் தண்ணீர், காலையில் இஞ்சித் தேன், குழைய வடித்த சோற்றில் மிளகு ரசம். மீன் வேண்டாம், நீங்களாகக் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். சீட்டை எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் ஒரு கேள்வி கேட்டார்.

"முள்ளு மாட்டினப்போ பயந்தீங்களா, வெக்கப்பட்டீங்களா?"

மனோகரன் வெளியே டோக்கன் வரிசையில் நின்றிருந்தார். வெட்கம்தான் என்றேன் நான்.

அவர் ஆச்சரியப்படவில்லை. "முள்ளு அன்னைக்கே போயிடுச்சும்மா. தொண்டைதான் இன்னும் நம்பல. கொஞ்ச நாள் ஆகும்" என்றார்.

கண்ணால் பார்த்தால்தான்

சூரணம் காரமும் இனிப்புமாக இருந்தது. சில நாளில் வயிறு லேசாக முனக ஆரம்பித்தது. ஒரு கரண்டி, இரண்டு கரண்டி என்று ரசம் சோறு இறங்கியது. ஆனால் நான் பாதிச் சாப்பாட்டில் நின்றுவிடுவேன். விரல் தானாகத் தொண்டைக்குப் போய்விடும்.

மனோகரன் எதிரில் உட்கார்ந்து என் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அவரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் சாப்பிடாத வீட்டில் மீன் வேண்டாம் என்று அவராகவே நிறுத்திவிட்டார். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டார்.

"இன்னாமே, டாக்டரம்மாதான் முள்ளு இல்லன்னு சொல்ட்டாங்களே."

எனக்கு வந்ததே ஆத்திரம். தட்டைத் தள்ளினேன். "கீதுய்யா. எனக்குத் தெரியும், கீது. அது வெளிய வந்து என் கண்ணால பாத்தாதான் நான் நம்புவேன். அதுவரைக்கும் யார் சொன்னாலும் நம்பமாட்டேன்."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தார்.

தொக்கம் எடுப்பது என்று ஒன்று உண்டு. உண்ட சோறோ, உள்ளே போன முடியோ, இலைத் துணுக்கோ செரிக்காமல் ஓரிடத்தில் தங்கிவிட்டது, அதனால்தான் பசியில்லை, குழந்தை பால் குடிக்கவில்லை என்பார்கள். கைராசிக்காரர் ஒருவர் குழல் வைத்து உறிஞ்சியோ ஊதியோ அதை வெளியே எடுத்துக் காட்டுவார். எங்கள் பக்கம் அதற்கு மாத்தூர் ராஜம்மாதான். எனக்கு முடியாமல் போனதிலிருந்து தேசம்மா அவர் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மனோகரனுக்குப் பயந்து நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்தச் சண்டைக்கு அப்புறம் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நாளைக்கு மாத்தூர் போலாம், அந்தம்மாகிட்ட" என்றார்.

நான் அவரையே பார்த்தேன். தாயத்துக்கு எழுந்து போகிற மனுஷன். நிஜமாகவா என்று கேட்டேன். நீதான் நம்பணும், நான் நம்பி இன்னா ஆவப்போவுது என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அவர் என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு வாடை வந்தது. பொரித்த எண்ணெய், அதற்கு அடியில் சேறு. பேசின் பிரிட்ஜ் பக்கம் வண்டிக்கடையில் ஏரி மீன் வறுவல் விற்பார்கள். ஐயோ பாவம், வீட்டில் மீன் இல்லாமல் போய் அங்கே தின்றுவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர்மேல் கோபம் வரவில்லை, பரிதாபம்தான் வந்தது.

தட்டு

இனி அந்தத் தட்டுக்குத் திரும்பலாம்.

எனக்கு முன்னால் போன பெரியவருக்கு இட்லித் துண்டு மாதிரி ஒன்று வந்தது. ஒரு கைக்குழந்தைக்கு நூல் போல ஏதோ. எனக்கு முள். தண்ணீரில் வேப்பிலைக்குப் பக்கத்தில், வெள்ளையாக, சுண்டு விரல் நகத்தளவு. ஒரு முனை ஒற்றையாக இருந்தது, மறு முனை கவட்டைக்கோல் மாதிரி இரண்டாகப் பிரிந்திருந்தது.

சங்கராவில் அப்படி முள் கிடையாது. தலையிலும் கிடையாது, வாலிலும் கிடையாது. அந்தக் கவட்டை முள் கட்லாவில் வரும். தடைக்காலத்தில் எத்தனை கட்லா வெட்டியிருக்கிறேன்.

முந்தின நாள் சாயங்காலத்துச் சேற்று வாடை ஞாபகம் வந்தது. முள் வந்து பார்த்ததேயில்லை என்று அந்தப் பெண் சொன்னதும் சேர்ந்துகொண்டது. ராஜம்மாவுக்கு முள் எடுக்கிற வழக்கமே இல்லை. யாரோ போய்ச் சொல்லி, கையில் கொடுத்து, இதுதான் வரவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். உலகத்தில் எனக்காக அதைச் செய்யக்கூடிய ஆள் ஒருவர்தான். கடற்கரைக்காரிக்கு மாட்டிய முள் என்று ஏரி மீன் முள்ளைக் கொண்டுவரக்கூடிய ஆளும் அந்த ஒருவர்தான்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. திரும்பி அவரைப் பார்த்தேன்.

அவர் கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்து இறுக்கியிருந்தார். மந்திரம் என்றால் எழுந்து போகிற மனுஷன், இந்தக் கூட்டத்தில், ஷீட்டுக்கு அடியில், வேர்த்து ஒழுக உட்கார்ந்திருந்தார். இந்த இடத்துக்கு ஏற்கெனவே ஒருதடவை தனியாக வந்து, ராஜம்மாவிடம் என்னவென்று பேசினாரோ, எப்படிக் கூசிப்போனாரோ. அந்தக் கணம் எனக்கு அவர்மேல் வந்த பிரியத்தை எழுத்தில் எழுதத் தெரியவில்லை. கல்யாணத்தன்றுகூட அப்படி வரவில்லை.

ராஜம்மா என் முகத்தையே பார்த்தார். இதுதானா என்று கேட்டார்.

"இதான்" என்றேன். "இந்த முள்ளுதான்."

மனோகரன் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

வண்டியில் திரும்பி வரும்போது மணலி ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. புழுதியும் டீசல் புகையும். அந்தப் புகைக்கு நடுவில் ஏதோ ஒரு பரோட்டாக் கடையில் சால்னா கொதிக்கிற வாசனை வந்தது. பல நாளைக்கப்புறம் என் வாயில் தண்ணீர் ஊறியது. அவர் தோளைத் தட்டி, வண்டியை நிறுத்து, பசிக்குது என்றேன். நிறுத்தினார். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை அவர் தன் தட்டைத் தொடவில்லை.

யார் குணப்படுத்தியது

சித்தா டாக்டரம்மாவிடம் அடுத்த தடவை போனபோது, முள் கதையை முழுசாகச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. முதலில் கேமரா வைத்து எல்லாம் பார்த்துவிட்டீர்கள், அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை, வேறு வியாதியை உள்ளே வைத்துக்கொண்டு குழல் வைக்கப் போகிறவர்களை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வராது என்றார். சூரணத்தை நிறுத்தாதீர்கள் என்று சீட்டை நீட்டினார்.

ஆகவே, இதைப் படித்துவிட்டு யாராவது நேராக மாத்தூருக்கு பஸ் ஏறினால் நான் பொறுப்பில்லை. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்ளே ஒன்றுமில்லை என்று அவர்கள் சொல்வது வசவு அல்ல, நல்ல சேதி. எனக்கு அது புரிய நேரமாயிற்று.

என்னை எது எழுப்பியது என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். வாயுவை இறக்கியது சூரணமா? வெட்கமா என்று கேட்ட அந்த ஒரு கேள்வியா? பொய் முள்ளா? பொய் என்று தெரிந்தபிறகும் அது எப்படி வேலை செய்தது என்று என்னால் விளக்கமுடியாது. என் முள்ளை நம்பிய ஒரு ஆள் இருந்தார் என்றுகூடச் சொல்லமுடியாது, அவர் அதை நம்பவேயில்லை. நான் பட்ட பாட்டை நம்பினார். சோறு இறங்கியது, பின்னாலேயே குரலும் வந்தது. ஒரு விடியற்காலை தேசம்மா ஐஸ் பெட்டியிலிருந்து தானாக இறங்கி எனக்குக் கை கொடுத்தாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

முள் எந்த மீனுடையது என்று எனக்குத் தெரியும் என்பதை மனோகரனிடம் இதுவரை சொன்னதில்லை. சொன்னால் ஏரி வவ்வால் மாப்பிள்ளை கட்லா மாப்பிள்ளை ஆகிவிடுவார். அவர் செய்ததிலேயே பெரிய காரியத்தை நானே கேலிப்பொருள் ஆக்கவேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

இந்த வாரம் சொல்லவேண்டியதாகிவிட்டது. நான் தாளில் எழுதித் தருவதைப் போனில் தட்டிப் பத்திரிகைக்கு அனுப்புகிறவர் அவர்தான். என் கமாக்களை எல்லாம் அவர்தான் போடுகிறார்.

இதற்கு மேலே உள்ள வரி வரைக்கும் எழுதி அவரிடம் கொடுத்துவிட்டு, சமையலறையில் கிழங்கான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். கூடத்தில் போன் தட்டுகிற டிக் டிக் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் நின்றது. மீன் முழுக்க ஆய்ந்து முடித்தும் சத்தம் திரும்ப வரவில்லை.

பிறகு போனைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் வந்து நின்றார்.

"கடல்ல எந்த மீனு முள்ள வெச்சாலும் நீ பேரு சொல்லிடுவ. உனக்கு மாட்னது எந்த மீனுன்னு நீ சொல்லவும் இல்ல. ஏரி மீனுதான் நீ தொடமாட்டியேன்னு, தேடிப் போயி அத வாங்கினேன். தடைக்காலத்துல நீ விக்கிறத மறந்தே பூட்டேன்" என்றார்.

நான் அரிவாள்மனையைக் கீழே வைத்தேன். இத்தனை நாளாகத் தெரியாத்தனம் என்று நான் நினைத்திருந்தது, அவர் உட்கார்ந்து யோசித்துச் செய்தது. கையெல்லாம் மீன் செதில், கண்ணைத் துடைக்கவும் வழியில்லை.

அவர் போனைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஒன்று சொன்னார். "அப்புறம், அது கட்லா இல்லமே. ரோகு. கடைக்காரன்கிட்ட கேட்டுத்தான் வாங்கினேன்."

மேலே கட்லா என்று இருக்கிற இடத்தில் எல்லாம் ரோகு என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.